புண்ணைத் தேடி எல்லை கடக்கும் ஈ

கட்டுப் போடும் அறைக்கு வருகிற குடும்பத்தினர் பெரும்பாலும் உரத்த குரலில்தான் பேசுவார்கள். புண் எத்தனை நாளில் ஆறும், குளிக்கலாமா, மீன் சாப்பிடலாமா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரே ஒரு செய்தியை மட்டும் அவர்கள் காதருகே வந்து சொல்வார்கள். அதையும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் சொல்வார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி தம் மாமனாரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார். பெரியவருக்கு நெடுநாளைய சர்க்கரை நோய். பாதத்தில் ஆறாத புண். அதன்மேல் ஒரு பழைய துண்டு சுற்றியிருந்தது. "சிஸ்டர், நான் மாமாவைக் குறைவில்லாமல்தான் பார்த்துக்கொள்கிறேன். வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறேன். எப்படி இப்படி ஆயிற்று என்று தெரியவில்லை" என்றார். என்ன ஆயிற்று என்பதை மட்டும் அவர் வாயால் சொல்லவே இல்லை. துண்டை விலக்கியபோதுதான் தெரிந்தது: புண்ணில் புழு வைத்திருந்தது. மூன்று நாள்களாகவே வீட்டில் அது தெரியும். வெளியே சொன்னால் ஊரார் என்ன நினைப்பார்களோ என்று தயங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் வந்திருந்தார்கள்.

அந்தத் தயக்கம் நமக்குப் புரியாததன்று. ஒருவரைக் கடுமையாகச் சபிக்க வேண்டுமென்றால் "புழுத்துச் சாவாய்" என்று சபிக்கிற ஊர் நம்முடையது. புழு என்றால் செய்த பாவத்தின் பலன், நாதியற்றவனுக்கு நேரும் கதி என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஓர் ஈ இட்ட முட்டையிலிருந்து வருவது, வேறெதிலிருந்தும் வருவதன்று. அந்த ஈக்கு நம் குலமும் தெரியாது, குணமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது திறந்த புண்ணின் வாடை ஒன்றுதான்.

அந்த ஈக்கு அமெரிக்கக் கண்டங்களில் ஒரு பங்காளி உண்டு. ஐம்பது ஆண்டுக்கால உழைப்பால் விரட்டப்பட்ட நாடுகளையெல்லாம் அது இப்போது ஒவ்வொன்றாக மீண்டும் பிடித்துக்கொண்டு வருகிறது. அங்கே நடந்ததை முதலில் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கட்டிலுக்குத் திரும்புகிறேன்.

உயிருள்ள தசையே உணவு

பச்சையாகவோ நீலமாகவோ உலோகம்போல் மினுங்கும் ஈக்களை மீன் கடையிலும் குப்பைமேட்டிலும் நாம் காண்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை செத்த உடலிலும் அழுகிய இறைச்சியிலும் முட்டையிடுபவை. அவற்றுள் ஒருவகையின் புழுவைக் கிருமி நீக்கி வளர்த்து, புண்ணிலுள்ள அழுகிய தசையை மட்டும் தின்னவிட்டு ஆற்றும் சிகிச்சைகூட உண்டு. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் புண்களில் இதைக் கவனித்த வில்லியம் பேயர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், பிற்காலத்தில் அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். இதைக் கேள்விப்பட்ட சிலர், "புழு நல்லதுதானே சிஸ்டர், அழுகலைத் தின்றுவிட்டுப் போகட்டுமே" என்று கேட்பதுண்டு. வீட்டில் தானாக வந்து சேரும் புழுவிடம் அந்த நம்பிக்கையை வைத்துவிடாதீர்கள்.

காரணம் இதுதான். இந்த ஈக் குடும்பத்தில் இரண்டு இனங்களின் புழுக்களுக்குச் செத்த தசை உதவாது. உயிரோடிருக்கும் உடலின் தசைதான் வேண்டும். ஒன்று அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. மற்றொன்று ஆப்பிரிக்காவிலும், இந்தியா முதல் பப்புவா நியூகினி வரையிலான ஆசிய நாடுகளிலும் வாழ்வது. இரண்டையும் 'ஸ்க்ரூவோர்ம்' என்கிறார்கள். திருகுப்புழு என்று நாம் சொல்லலாம். புழுவின் உடலைச் சுற்றி வளையம் வளையமாக நுண்ணிய முட்கள் இருக்கும், திருகாணியின் மரையைப் போல. தலையைக் கீழே வைத்துத் தசைக்குள் இறங்கும். மூச்சுத்துளை பின்பக்கத்தில் இருப்பதால் அந்த முனை மட்டும் புண்ணின் மேல்மட்டத்தில் தெரியும். தொந்தரவு செய்தால் இன்னும் ஆழமாகப் புதைந்துகொள்ளும்.

அமெரிக்க இனத்தின் பெண் ஈ, புண்ணின் உலர்ந்த ஓரத்தில் ஒரு தடவைக்கு 200 முதல் 300 முட்டைகளை, கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல் ஒழுங்காக அடுக்கி இடுகிறது. ஒரு நாளைக்குள் அவை பொரிந்துவிடுகின்றன. ஐந்து முதல் ஏழு நாள்கள் தின்று கொழுத்த புழுக்கள் தாமாகவே கீழே விழுந்து, மண்ணில் புதைந்து, கூட்டுப்புழுவாகி, வெப்பமான காலத்தில் ஒரு வாரத்தில் ஈயாக வெளிவருகின்றன. இதற்கிடையில் புண்ணின் வாடை கூடக்கூட வேறு பெண் ஈக்களும் தேடி வந்து முட்டையிடும். கவனியாமல் விட்டால் வளர்ந்த மாடே ஓரிரு வாரங்களில் செத்துப்போகும். அதற்குப் பெரிய காயம் வேண்டுமென்பதில்லை. உண்ணி கடித்த தடம் போதும். கன்றின் காயாத தொப்புள் போதும். முள்வேலி கிழித்த கோடு போதும்.

அறிவியல் உலகம் இதை அறிந்துகொண்ட விதமும் துயரமானதுதான். தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானா அக்காலத்தில் கைதிகளை நாடு கடத்தும் இடமாக இருந்தது. அங்கே மனிதரின் மூக்கினுள்ளும் நெற்றி எலும்பின் அறைகளுக்குள்ளும் வளர்ந்திருந்த புழுக்களை ஆராய்ந்த சார்ல் கொக்ரெல் என்னும் பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர், 1858இல் அந்த ஈக்கு 'மனிதரை விழுங்குவது' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். பெயர் கொஞ்சம் மிகைதான். அது விழுங்குவதில் பெரும்பகுதி மாடும் ஆடும் மானும். ஆனால் புண்ணோடு கிடக்கும் மனிதரை அது விலக்கி வைப்பதில்லை.

ஓர் எக்ஸ்ரே கருவியும் சில கோடி ஈக்களும்

இந்த ஈ குளிரைத் தாங்காது. ஆகவே அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதன் எல்லை ஆண்டுதோறும் விரிந்து சுருங்கியது. குளிர்காலத்தில் டெக்சாஸின் தெற்கு ஓரத்தில் ஒடுங்கியிருக்கும். கோடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே பரவும். 1933இல் வறட்சி கண்ட பகுதிகளிலிருந்து கிழக்கே அனுப்பப்பட்ட மாடுகளின் புண்களில் ஒளிந்துகொண்டு, அது வரை காணாத ஜார்ஜியா, ஃபுளோரிடா மாநிலங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த ஈயின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவது இதுவே. சிறகால் பறந்து பிடித்த நிலத்தைவிட, மனிதர் ஓட்டிச் சென்ற மந்தையோடு போய்ப் பிடித்த நிலம் அதிகம்.

டெக்சாஸில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர்கள் எட்வர்ட் நிப்லிங், ரேமண்ட் புஷ்லண்ட் ஆகிய இருவரும் 1930-களிலேயே இதன் வாழ்வை நுணுகி நோக்கினார்கள். பெண் ஈ வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. அப்படியானால் அந்த ஒரு கூடல் மலட்டு ஆண் ஈயோடு நிகழ்ந்துவிட்டால், அந்தப் பெண் ஈ இடும் முட்டை எதுவும் பொரியாது. மலட்டு ஆண்களைப் பெருமளவில் வளர்த்துத் தொடர்ந்து பறக்கவிட்டால் இனமே அற்றுப்போகும். கேட்டவர்கள் பலர் சிரித்தார்கள். ஈயை ஒழிக்க ஈயையே கோடிக்கணக்கில் வளர்ப்பதா?

ஆண் ஈயை எப்படி மலடாக்குவது என்பது நெடுங்காலம் விடை கிடைக்காத கேள்வியாக இருந்தது. எக்ஸ்ரே கதிர் பூச்சிகளின் மரபுப்பொருளைக் குலைக்கும் என்ற செய்தி அதற்கு வழிகாட்டியது. ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே கருவி இல்லாததால், சான் அன்டோனியோ நகரிலிருந்த ராணுவ மருத்துவமனையின் கருவியை, நோயாளிகளுக்குத் தேவைப்படாத நேரங்களில், புஷ்லண்ட் பயன்படுத்திக்கொண்டார். கூட்டுப்புழுக்களின்மேல் அளவாகக் கதிரைச் செலுத்தியபோது அவற்றிலிருந்து வந்த ஈக்கள் நன்றாகப் பறந்தன, கூடின. ஆனால் சந்ததி இல்லை. எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சி நினைவுக்கு வரும்.

ஃபுளோரிடாவையொட்டிய சானிபெல் தீவில் முதலில் முயன்றார்கள். தீவில் ஈ வெகுவாகக் குறைந்தது. ஆனால் நிலப்பகுதி அருகிலேயே இருந்ததால் அங்கிருந்து கருவுற்ற பெண் ஈக்கள் பறந்து வந்துகொண்டேயிருந்தன. அடுத்து 1954இல், கரிபியன் கடலில் தனித்துக் கிடந்த குராசோ தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடுகள் நிறைந்த அத்தீவில் வாரந்தோறும் விமானத்திலிருந்து மலட்டு ஈக்கள் விடப்பட்டன. சில மாதங்களில் ஈ அடியோடு மறைந்தது. பிறகு ஃபுளோரிடா, பிறகு டெக்சாஸ். 1966இல் அமெரிக்க ஐக்கிய நாடு விடுபட்டதாக அறிவித்தது. ஆனால் மெக்சிகோவிலிருந்து ஈ மீண்டும் மீண்டும் நுழைந்தது. 1972இல் மட்டும் 90,000-க்கு மேற்பட்ட விலங்குகளில் புழு கண்டது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட எல்லையைக் காப்பதைவிட, ஈயைத் தெற்கே தள்ளிக்கொண்டே போய்க் கண்டம் குறுகும் இடத்தில் நிறுத்துவதுதான் எளிது என்று அப்போது உணர்ந்தார்கள்.

அப்படியே நாடு நாடாகத் தள்ளினார்கள். மெக்சிகோ 1991இல் விடுபட்டது. குவாத்தமாலா, பெலீஸ், எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டரிக்கா என்று தொடர்ந்து, கடைசியாக 2006இல் பனாமா. இடையில் 1992இல் நிப்லிங்குக்கும் புஷ்லண்டுக்கும் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. பனாமாவும் கொலம்பியாவும் சந்திக்கும் டாரியென் காட்டுப் பகுதியில், பக்கோரா என்னுமிடத்துத் தொழிற்கூடத்தில் வளர்த்த மலட்டு ஈக்களை வாரத்துக்குச் சுமார் இரண்டு கோடி என்ற கணக்கில் விமானத்திலிருந்து தூவினார்கள். சுவரும் இல்லை, வேலியும் இல்லை. ஈக்களாலேயே ஆன ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

கோடு நகர்கிறது

2023இல் அது உடைந்தது. அதுவரை பனாமாவில் ஆண்டுக்குச் சராசரியாக 25 விலங்குகளில்தான் புழு காணப்பட்டது. அவ்வாண்டில் அந்த எண்ணிக்கை 6,500-ஐத் தாண்டியது. அதே ஆண்டு கோஸ்டரிக்காவில் நுழைந்தது. 2024இல் நிகரகுவா, ஹோண்டுராஸ், குவாத்தமாலா. அவ்வாண்டு நவம்பரில் மெக்சிகோவின் தென்முனையான சியாபாஸ். டிசம்பருக்குள் பெலீஸும் எல் சால்வடாரும். 2025 செப்டம்பரில் அமெரிக்க எல்லையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு மெக்சிகோ ஊரில், வேறு பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட மாட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கா தன் எல்லையை மெக்சிகோ மாடுகளுக்கு மூடியது, திறந்தது, மீண்டும் மூடியது. மூடியிருந்த பழைய ஈத் தொழிற்கூடங்களுக்கு ஈடாகப் புதியவற்றைக் கட்டும் வேலை தொடங்கியது.

பதினைந்து ஆண்டுகளில் வென்ற நிலம் இரண்டே ஆண்டுகளில் போனது எப்படி? ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் கண்காணிப்பு தளர்ந்தது. முன்பு காடாக இருந்த இடங்களில் மாட்டுப் பண்ணைகள் வந்தன. சோதனைச் சாவடிகளைத் தவிர்த்துக் கள்ளத்தனமாக மாடு கடத்துவது அந்த நாடுகளில் பெருந்தொழில். ஈ தானாகப் பறந்தால் மெல்லத்தான் முன்னேறும். புண்ணில் புழுவோடு லாரி ஏறிய ஒரு மாடு ஒரே இரவில் ஒரு நாட்டைக் கடந்துவிடும். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இருபது, முப்பது ஆண்டுகளாகப் புழுவைக் கண்டிராத ஊர்களில், தினமும் மாட்டின் உடலைத் தடவிப் பார்த்து, கீறல் இருந்தால் மருந்திடும் பழக்கம் அற்றுப்போயிருந்தது. பாட்டனுக்குத் தெரிந்த வேலை பேரனுக்குத் தெரியவில்லை.

கால்நடையோடு நிற்கவில்லை. மத்திய அமெரிக்க நாடுகளிலும் மெக்சிகோவிலும் நூற்றுக்கணக்கான மனிதர்களுக்கும் இப்புழு கண்டது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. முதியோர், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், வீடின்றித் தெருவில் உறங்குபவர்கள் ஆகியோருக்கே இந்த ஆபத்து மிகுதி. 2025 ஆகஸ்டில், எல் சால்வடார் சென்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக்குத் திரும்பிய ஒருவரிடம் புழு உறுதிசெய்யப்பட்டது. அவர் குணமடைந்தார், அவரிடமிருந்து வேறெவருக்கும் பரவவில்லை. இப்புழு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதன்று. இதை எங்கள் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

கோட்டை மீண்டும் பின்னுக்குத் தள்ள முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1988இல் தென் அமெரிக்க ஈ கடல் கடந்து லிபியாவில் இறங்கியது, இறக்குமதியான கால்நடைகளோடு. மெக்சிகோவில் வளர்த்த மலட்டு ஈக்களை நூறு கோடிக்கு மேல் விமானத்தில் கொண்டுவந்து தூவினார்கள். 1992இல் லிபியா விடுபட்டது. 2016இல் ஃபுளோரிடாவின் தென்தீவுகளில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு குறுமான் கூட்டத்தில் அதே ஈ புகுந்தது. 135 மான்கள் மாண்டன. அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் அதையும் ஒழித்தார்கள்.

நம் பக்கத்து ஈ

நம் நாட்டில் வாழ்வது ஆசிய, ஆப்பிரிக்க இனம். பழக்கவழக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. இது நமக்குப் புதிதாக வந்ததும் அன்று. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பணியாற்றியவரும், 1913இல் மருத்துவப் பூச்சியியல் பற்றி ஒரு பெருநூலைத் தம் நண்பர் கிராக்குடன் சேர்ந்து எழுதியவருமான பேட்டன் என்னும் மருத்துவர், 1920-ஐ ஒட்டி இந்த ஈயைப் பற்றி விரிவாக எழுதினார். இந்தியாவில் மனிதருக்கும் விலங்குக்கும் புண்ணில் புழு வைக்கும் ஈக்களுள் முதன்மையானது இதுவே என்பது அவர் கண்ட முடிவு.

இந்த இனமும் தன் எல்லையை விரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. கால்நடைக் கப்பல்கள் போய்வரும் பாரசீக வளைகுடா நாடுகளில் பரவி, 1996இல் இராக்கை அடைந்து அங்கே பெருங்கேடு விளைவித்தது. தன் வடக்கே பப்புவா நியூகினி வரை வந்துவிட்ட இந்த ஈ எப்போது கடல் தாண்டுமோ என்று ஆஸ்திரேலியா பல ஆண்டுகளாகத் துறைமுகங்களில் பொறி வைத்துக் காத்திருக்கிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை. ஈ ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறது. மலட்டு ஈ தூவும் விமானம் எதுவும் நம் ஊர்மேல் பறக்கவில்லை. அமெரிக்காவில் நாடுகளுக்கு நடுவே கிழித்த கோட்டை நாம் புண்ணைச் சுற்றித்தான் போட வேண்டியிருக்கிறது. அதைப் போடுகிறவர் அரசாங்கமோ விஞ்ஞானியோ அல்லர். நோயாளியின் பக்கத்தில் இருக்கும் நீங்கள்.

தினமும் ஒரு முறை, பகல் வெளிச்சத்தில்

முட்டை பொரிய ஒரு நாள்கூட வேண்டாம் என்பதால், பார்ப்பதும் நாள்தோறும் நடக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதம் மரத்திருக்கும். புழு நெளிவதுகூட அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். "அப்பாவுக்கு வலியில்லை என்கிறார்" என்பதை நற்செய்தியாகக் கொள்ளாதீர்கள். தனியே வசிப்பவர்கள் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலைப் பார்க்கலாம். விரல் இடுக்குகளை மறக்க வேண்டாம்.

படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு முதுகு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப் புண் வரும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதது வாயும் மூக்கும். பக்கவாதம் வந்து, வாயைத் திறந்தபடியே உறங்கும் முதியவரின் ஈறிலும் மேலண்ணத்திலும் ஈ முட்டையிட்டு, கன்னம் வீங்கிய பிறகு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாள்தோறும் இரு வேளை ஈரத் துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ வாயைத் துடைத்துவிடுங்கள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்கள், வயிற்றில் உணவுக்குழாய் வைத்தவர்கள், வெளியே திறந்துகொண்ட புற்றுநோய்ப் புண் உள்ளவர்கள், நாள்பட்ட காதுச் சீழ் உள்ள குழந்தைகள், பேன் கடித்துச் சொறிந்து தலை புண்ணானவர்கள் ஆகியோருக்கும் இந்தக் கவனிப்பு வேண்டும்.

கட்டு உலர்ந்திருக்க வேண்டும். நீரும் சீழும் ஊறி வெளியே கசிந்துவிட்ட கட்டு ஈக்குத் தடையன்று, அழைப்பு. மறுநாள் செவிலியர் வருவார் என்று காத்திராமல், ஊறியதும் மாற்றுங்கள். மாற்றும் முறையை எங்களிடம் கேட்டால் உங்கள் கையாலேயே ஒரு முறை செய்யவைத்துக் காட்டிக்கொடுப்போம். கழற்றிய பஞ்சையும் துணியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கொசுவலை இரவுக்குரியது என்று நினைக்கிறோம். இந்த ஈ பகலில் பறப்பது. ஆகவே மதிய உறக்கத்துக்குத்தான் வலை முதலில் வேண்டும். திண்ணையிலோ மரத்தடிக் கட்டிலிலோ காற்றாட உறங்கும் பெரியவர்களை உள்ளே வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. வலையை அங்கே கட்டிவிடுங்கள்.

வீட்டில் ஆடு மாடு இருந்தால் அவற்றின் உடலையும் பாருங்கள். கொம்பு முறிந்த இடம், காது கிழிந்த இடம், கன்று ஈன்றபின் அறை, கன்றின் தொப்புள் ஆகியவற்றில்தான் ஈ பெருகுகிறது. கிராமங்களில் மாட்டுப் புண்ணுக்குச் சீத்தா இலையை அரைத்துக் கட்டும் வழக்கம் உண்டு; அதைச் செய்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. மாட்டுக்குச் செய்ததை மனிதருக்குச் செய்துவிட வேண்டாம்.

ஆறிவந்த புண் திடீரென்று பெரிதாவது, வலி கூடுவது, வழக்கமில்லாத நாற்றம், இரத்தம் கலந்த நீர் கசிவது, உள்ளே ஏதோ ஊர்வதுபோன்ற உணர்வு, புண்ணுக்குள் ஊசிமுனைபோல் அசையும் புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே வாருங்கள். மூக்கிலோ காதிலோ ஆனால் மூக்கில் இரத்தம் வடிதல், முகவீக்கம், தாங்க முடியாத தலைவலி அல்லது காதுவலி இருக்கும். அதற்கு இரவு பகல் பார்க்க வேண்டாம். கண்ணும் மூளையும் அருகிலிருப்பதால் ஒரு நாள் தாமதமும் அங்கே பெரிது.

வருவதற்குமுன் மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில், பொடித்த பாச்சை உருண்டை எதையும் புண்ணில் போடாதீர்கள். அவை நல்ல தசையைப் புண்ணாக்கும். சில உடலுக்குள் ஏறி நஞ்சாகும். ஊக்கு, சீப்பு, முள்வாங்கி கொண்டு தோண்டவும் வேண்டாம். பாதிப்புழு அறுந்து உள்ளே நின்றுவிட்டால் அதன்மேல் சீழ் பிடிக்கும். சுத்தமான துணியால் தளர மூடிக்கொண்டு வந்தால் போதும். கீழே விழுந்த புழு இருந்தால், அருவருப்பாக இருந்தாலும், சிறு புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு எடுத்துவாருங்கள். எந்த ஈயின் புழு என்று அறிய அது உதவும்.

இங்கே நாங்கள் செய்வதில் மறைபொருள் ஒன்றுமில்லை. காற்றை மறைக்கும் களிம்பையோ மருந்து நனைத்த பஞ்சையோ புண்ணின்மேல் வைப்போம். மூச்சுமுட்டிப் புழுக்கள் மேலேறி வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்போம். சில சமயம் மருத்துவர் ஐவர்மெக்டின் மாத்திரை தருவார். புண்ணைக் கழுவி, செத்த தசையை அகற்றி, தேவையானால் கிருமிக்கொல்லி மருந்தும் டெட்டனஸ் ஊசியும் தருவோம். ஒரே நாளில் எல்லாம் வெளியே வந்துவிடுவதில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வரச்சொல்வோம், சலித்துக்கொள்ளாமல் வாருங்கள்.

நான் முதலில் சொன்ன பெரியவர் அப்படி ஐந்து நாள்கள் தொடர்ந்து வந்தார். முதல் நாள் கதவைச் சாத்தச் சொன்ன மருமகள், மூன்றாம் நாள் கையுறை மாட்டிக்கொண்டு விளக்கைப் பிடித்தார். ஐந்தாம் நாள் கட்டை அவரே போட்டார். "மாமா, கொஞ்சம் காலை நீட்டுங்கள்" என்று அவர் சொல்ல, பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை நீட்டினார். ஆறாவது வாரம் புண் ஐம்பது பைசா நாணயத்தின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அன்றைக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்த இன்னொரு குடும்பம் தங்களுக்குள் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தது. மருமகள் அவர்கள் அருகே போய் உட்கார்ந்து, "எத்தனை நாளாக இருக்கிறது, அக்கா?" என்று சாதாரணக் குரலில் கேட்டார்.